மூத்தோர் மருத்துவம்: தேய்மானம் என்ற ஒரு சொல்லும், மெலிந்துபோகும் தொடைகளும்
வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

மூத்தோரின் இடுப்பு வலி பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி நான் பணிபுரியும் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தே வந்திருக்கிறது. ஏறத்தாழ எல்லாக் கடிதங்களிலும் "தேய்மானம்" என்ற சொல் இருந்தது. "தசை" என்ற சொல் ஒன்றிரண்டில் மட்டுமே இருந்தது. அதனால் இந்த இதழில் தசையைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரை வெளியிடவில்லை; ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

குலசேகரத்துக்கு அருகிலிருந்து ஒரு வாசகர்:

டாக்டர் அம்மா, என் அப்பாவுக்கு 71 வயது. நாற்பது ஆண்டுகள் ரப்பர் பால்வெட்டு வேலை செய்தவர். ஆறு ஆண்டுகளாக இடுப்பு வலி இருக்கிறது. ஸ்கேன் எடுத்ததில் எலும்பும் டிஸ்க்கும் தேய்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, ஓய்வாக இருக்க வேண்டும் என்ற அறிவுரைப்படி மூன்று ஆண்டுகளாக வீட்டோடு இருக்கிறார். காலையில் கட்டும் இடுப்புப் பெல்ட்டை இரவில்தான் கழற்றுகிறார். வலி குறையவில்லை; தொடை மட்டும் மெலிந்துவிட்டது. தரையில் உட்கார்ந்தால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் எழுகிறார். வலியால் உடம்பு மெலிந்ததா, மெலிந்ததால் வலிக்கிறதா?

பதில்: இரண்டும்தான். வலி வந்தவர் அசைவைக் குறைக்கிறார், அசைவு குறைந்தால் தசை கரைகிறது, கரைந்த தசையால் முதுகுத்தண்டைச் சரியாகத் தாங்க முடியாதபோது அந்தச் சுமை மூட்டுகளின் மீதும், முதுகெலும்புக் கணுக்களுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்குகளின் மீதும் இறங்குகிறது, வலி கூடுகிறது. எது முதலில் தொடங்கியது என்று உங்கள் அப்பாவின் விஷயத்தில் இன்று பிரித்துச் சொல்ல இயலாது. அப்படிப் பிரித்தறிந்தாலும் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை. எல்லா இடுப்பு வலிக்கும் தசையிழப்பே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நாட்பட்ட வலியுள்ள முதியவரிடம் நம்மால் மாற்றக்கூடிய ஒன்று எது என்று தேடினால், தேய்ந்த எலும்பைவிடத் தசைதான் முதலில் கைக்குக் கிடைக்கிறது.

முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது என்பது பொதுவான கணக்கு. அறுபதைக் கடந்தபின் அந்த வேகம் கூடுகிறது. தசையின் அளவைவிட அதன் வலிமை இன்னும் விரைவாகக் குறைகிறது. இதற்கு "சார்கோபீனியா" என்ற பெயரை 1989-ல் வைத்தவர் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க். கிரேக்க மொழியில் சதைக்குறைவு என்று பொருள். அதுவரை இதை முதுமையின் இயல்பு என்று சொல்லிக் கடந்துவிட்டார்கள். அமெரிக்காவின் நோய்க் குறியீட்டுப் பட்டியலில் இதற்குத் தனி எண் கிடைத்ததே 2016-ல்தான்.

முதுகெலும்பின் கணுக்களை ஒட்டி, அவற்றை நிலையாகப் பிடித்துவைக்கும் மல்டிஃபிடஸ் என்ற தசை இருக்கிறது. நாட்பட்ட வலியுள்ள பலரின் ஸ்கேனில் இந்தத் தசை சுருங்கி, அதனிடையே கொழுப்பு படிந்திருப்பதைப் பார்க்கலாம். ஆனால் கையில் கிடைக்கும் அறிக்கையில் டிஸ்க் பற்றி ஐந்து வரி இருக்கும். இந்தத் தசையைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அறிக்கையில் எழுதப்பட்டதுதான் நோய் என்று வீட்டார் எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. அதன்படி, எண்பது வயதில் இடுப்பு வலி இல்லாதவர்களிலும் 96 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம் இருக்கிறது. இருபது வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கு இருக்கிறது. ஆகவே ஸ்கேனில் தேய்மானம் தெரிவதும் தலையில் நரை தெரிவதும் ஏறத்தாழ ஒன்றுதான். அது மட்டுமே வலியின் காரணமாகிவிடாது.

பால்வெட்டு வேலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒட்டுக்கட்டி வளர்த்த ரப்பர் மரத்தில் முதல் வெட்டு ஏறத்தாழ 125 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல வெட்டுப்பட்டை கீழே இறங்கும். வெட்டுகிறவரின் முதுகும் கூடவே இறங்கும். விடியும் முன்னே எழுந்து, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, பாலைச் சுமந்து நடந்த உடம்பு அது. அதற்கு வலி வந்ததில் வியப்பில்லை. ஆனால் அப்படி உழைத்த ஒருவரைத் திடீரென்று திண்ணையில் உட்காரவைத்துவிட்டதுதான் அடுத்த கேடு. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தபோது, கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்துபோனது. உங்கள் அப்பா மூன்று ஆண்டுகள் ஓய்வில் இருந்திருக்கிறார்.

பெல்ட்டைப் பொறுத்தவரை, நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், இடுப்புப் பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. முறையான உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இத்தனை காலம் கட்டிப் பழகியவர் ஒரே நாளில் கழற்ற அஞ்சுவார். முதல் வாரம் வீட்டுக்குள் இருக்கும்போது இரண்டு மணி நேரம் கழற்றிவைக்கட்டும். பிறகு படிப்படியாக நேரத்தைக் கூட்டலாம்.

பயிற்சிக்கு முன் சிலவற்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொள்வதோ அறியாமல் போவதோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவதோ, ஒரு காலில் புதிதாக வலுக்குறைவதோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, படுத்தாலும் விடாத இரவு வலி, முன்பு புற்றுநோய் வந்திருத்தல், சிறிய விழுதலுக்குப் பின் திடீரென்று தொடங்கிய கடும் வலி ஆகியவையும் அலட்சியப்படுத்தக் கூடாதவை. முதுகெலும்பில் காசநோய் வருவதும், எலும்பு மெலிந்து கணு நசுங்குவதும் நான் அடிக்கடி பார்ப்பவை. உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. இருந்தாலும் மெலிவு தொடைக்கு அப்பால் முகம், தோள் என்று பரவியிருந்தால் சர்க்கரை, தைராய்டு உள்ளிட்ட இரத்தப் பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள்.

தசையை வீட்டிலேயே ஓரளவு அளந்து பார்க்கலாம். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, அப்பாவைக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால், ஆசிய நாடுகளுக்கான 2019-ஆம் ஆண்டு அளவுகோலின்படி தசையிழப்பு இருக்கலாம் என்று கருத வேண்டும். கெண்டைக்கால் சுற்றளவையும் தையல் டேப்பால் அளக்கலாம்: ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கவனம் தேவை. காலில் நீர் கோத்தவர்களுக்கும் யானைக்கால் உள்ளவர்களுக்கும் இந்த அளவு பொய் சொல்லும்.

பயிற்சியை அந்த நாற்காலியிலிருந்தே தொடங்கலாம். உட்காருமிடத்தில் தலையணை போட்டு உயர்த்தி, மேசையை லேசாகத் தொட்டுக்கொண்டு எட்டு முறை எழுந்து உட்காரட்டும். சற்று ஓய்வெடுத்து இன்னொரு எட்டு முறை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் பாலம்போல் உயர்த்தி ஐந்து விநாடி நிறுத்துவது அடுத்தது. பிட்டத்துக்கும் கீழ்முதுகுக்கும் இதைவிட எளிய பயிற்சி எனக்குத் தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது மூன்றாவது. வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மூச்சை அடக்கக் கூடாது. எழும்போது வெளியே விட வேண்டும். எண்ணிக்கை எளிதாகிவிட்டால் தலையணையை எடுங்கள். அதுவும் எளிதானால் இரு கையிலும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுங்கள். இப்படிக் கூட்டிக்கொண்டே போவதுதான் மருந்து. அதே எட்டை ஓராண்டு செய்துகொண்டிருந்தால் தசைக்கு வளர வேண்டிய அவசியமே இருக்காது.

முதல் இரண்டு வாரம் தொடை உளையும். வலியும் சற்று எட்டிப்பார்க்கும். மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் தொடரலாம். அப்பாவால் வெளியே செல்ல முடியாவிட்டால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்துவையுங்கள்.

குளச்சலிலிருந்து ஒரு வாசகி:

எனக்கு 66 வயது. முப்பது ஆண்டுகள் தலைச்சுமையாக மீன் விற்றேன். இப்போது இடுப்பு வலியாலும் சர்க்கரையாலும் நிறுத்திவிட்டேன். எடை 50 கிலோ. புரதம் குறைவு, அதனால் தசை கரைகிறது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். கடற்கரையில் பிறந்து, தினமும் மீன் உண்கிற எனக்குப் புரதம் எப்படிக் குறையும்?

பதில்: அம்மா, உங்கள் சட்டியில் மீன் இருக்கிறது, உங்கள் தட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி. கடற்கரை ஊர்களில் மூத்த பெண்களிடம் நான் ஒரு நாள் உணவைக் கேட்டு எழுதும்போது மறுபடி மறுபடி காண்பது இதுதான்: துண்டு மீன் மகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய்விடும், அம்மாவுக்குக் குழம்பும், வாலோ தலையோ ஒன்றும் மிஞ்சும். காலையில் கட்டன் சாயாவும் மூன்று இட்லியும், மதியம் சோறும் மீன் குழம்பும் ஒரு சாளையும் (மத்தி), இரவு கஞ்சியும் துவையலும் என்று வைத்துக்கொண்டால் மொத்தப் புரதம் 30 கிராமைத் தாண்டுவது கடினம். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவித்துச் சாப்பிடுகிற நாளில் இன்னும் குறையும். 100 கிராம் கிழங்கில் ஒரு கிராம் அளவுக்குத்தான் புரதம் இருக்கிறது. வயிறு நிறைந்துவிடுவதால் குறை வெளியே தெரிவதில்லை.

முதியவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று 2013-ல் வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. உங்களுக்கு அது 50 முதல் 60 கிராம். வயதான தசை சற்று மந்தமானது. இளையவரின் தசையைத் தூண்டுகிற அளவுப் புரதம் அதற்குப் போதாது. ஒரே வேளையில் முழுவதையும் உண்பதைவிட மூன்று வேளைக்கும் பகிர்ந்து, ஒவ்வொரு வேளையிலும் நல்ல அளவில் சேர்ப்பதே மேல். காலையில் ஒரு முட்டை சேர்த்தால் 6 கிராம். மதியம் முள் நீக்கிய சாளை 100 கிராம் கிடைத்தால் ஏறத்தாழ 20 கிராம். நெத்திலியும் அதே அளவு தரும். விலை உயர்ந்த மீன்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. மலிவான மீன் எதிலும் குறையில்லை. மாலையில் 50 கிராம் சிறுபயறு அவித்தால் 12 கிராம். இரவுக் கஞ்சியோடு துவையலுக்குப் பதில் பயறோ கடலைக்கறியோ வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் கஞ்சியும் பயறும் பழைய இணைதான். இடையில் பயறு எப்போது தட்டிலிருந்து இறங்கியது என்று தெரியவில்லை. கருவாட்டில் புரதம் உண்டு என்றாலும் உப்பு மிக அதிகம். இரத்த அழுத்தம் இருந்தால் அதை நம்ப வேண்டாம்.

சர்க்கரை நோய்க்காகச் சோற்றைக் குறைக்கச் சொன்னால், பலரும் சாப்பாட்டையே குறைத்துவிடுகிறார்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை தசையைக் கரைக்கும், பட்டினியும் கரைக்கும். ஆகவே சோற்றில் குறைத்த இடத்தைப் பயறாலும் மீனாலும் நிரப்புங்கள். அதற்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் புரதத்தின் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். உணவு மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிமெண்டும் மணலும் வந்து இறங்கினால் வீடு எழும்பிவிடாது; கொத்தனார் வேண்டும். முதல் பதிலில் சொன்ன நாற்காலிப் பயிற்சிதான் அந்தக் கொத்தனார்.

நாகர்கோவில் வடசேரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்:

வயது 74. பதினைந்து ஆண்டுகளாகத் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்துவந்தேன். கடந்த ஓராண்டாக முந்நூறு மீட்டர் நடந்ததும் இடுப்பிலிருந்து இரு கால்களும் கனத்து, மரத்துப்போகின்றன. சற்று உட்கார்ந்தாலோ கைப்பிடிச் சுவரில் குனிந்து சாய்ந்தாலோ சரியாகிவிடுகிறது. சைக்கிள் ஓட்டினால் ஒன்றும் செய்வதில்லை. இத்தனை காலம் நடந்தும் தசை குறைந்திருப்பதாகச் சொல்கிறார்கள். நடைப்பயிற்சி வீணா?

பதில்: வீணில்லை, ஐயா. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனத்துக்கும் அது செய்த நன்மை உங்களோடு இருக்கிறது. இடுப்பு வலி குணமானவர்களைப் படிப்படியாக நடக்கவைத்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2024-ல் வெளியானது. நடந்தவர்களுக்கு வலி திரும்பிவரச் சராசரியாக 208 நாட்கள் ஆயின, நடக்காதவர்களுக்கு 112 நாட்கள். ஆனால் சமதளத்தில் நடக்கும்போது தொடையின் முன்தசையும் பிட்டத் தசையும் தம் வலிமையில் சிறு பங்கையே செலவிடுகின்றன. மீதிப் பங்கை யாரும் கேட்காததால் அது மெல்லக் கழன்றுபோகிறது. அதனால்தான் 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 நிமிட நடையோடு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வரையறுத்தது.

உங்கள் குறிகளோ வேறொன்றைச் சொல்கின்றன. நிமிர்ந்து நடந்தால் கனமும், குனிந்தால் நிம்மதியும், சைக்கிளில் தொல்லையின்மையும் சேர்ந்து வருவது, தண்டுவடக் கால்வாய் குறுகி நரம்புகள் நெருக்கப்படுவதன் அடையாளம். குனியும்போது அந்தக் கால்வாய் சற்று விரிகிறது. அதனால்தான் கைப்பிடிச் சுவர் உங்களுக்கு மருந்தாகிறது. கால் இரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் வலி வரும். ஆனால் அது நின்றாலே தணியும், குனிய வேண்டியதில்லை. புகைபிடித்தவர் என்றால் பாதத்தின் நாடியைப் பார்த்து இதைப் பிரித்தறிய வேண்டும். நரம்பியல் அல்லது எலும்பியல் மருத்துவரைப் பாருங்கள். அறுவைச் சிகிச்சை என்று சொன்னாலும் அஞ்ச வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். கால் வலுக்குறைவும் சிறுநீர்த் தொல்லையும் இல்லாதவரை பயிற்சிக்கு நேரம் இருக்கிறது. அதுவரை நடையை முந்நூறு மீட்டருக்கு முன்பே நிறுத்தி, உட்கார்ந்து, மீண்டும் நடக்கலாம், சைக்கிளைத் தொடரலாம். முதுகைப் பின்னால் வளைக்கும் ஆசனங்களை இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்:

எங்கள் குடும்பத்தில் இடுப்பு வலி என்றால் வர்ம ஆசானிடம் எண்ணெய்த் தடவலுக்குப் போவதுதான் வழக்கம். அம்மாவுக்கு 69 வயது. தடவினால் ஒரு வாரம் நன்றாக இருக்கிறது, பிறகு திரும்பிவிடுகிறது. தொடரலாமா?

பதில்: இந்த மாவட்டத்தில் மருத்துவம் பார்க்கிற எவரும் வர்மத்தை ஏளனமாகப் பேசிவிட்டுப் போக முடியாது, என் வீட்டிலும் குழந்தைப் பருவத்தில் ஆசான் வந்திருக்கிறார். தடவல் இறுகிய தசையைத் தளர்த்துகிறது, வலியைத் தற்காலிகமாகக் குறைக்கிறது, ஒருவர் அக்கறையோடு தொட்டுப் பார்க்கிறார் என்ற ஆறுதலையும் தருகிறது. ஆனால் தடவப்படும் தசை உழைப்பதில்லை. உழைக்காத தசை வளராது. ஆகவே தடவல் தருகிற அந்த ஒரு வாரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வலி தணிந்திருக்கும் அந்த நாட்களில்தான் அம்மா நாற்காலிப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். ஒரு நிபந்தனை: மாதவிடாய் நின்று இருபது ஆண்டு ஆன பெண்ணின் எலும்பு மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். எலும்பு அடர்த்தியைப் பரிசோதிக்காமல் முதுகில் ஏறி மிதிப்பதையோ, சொடக்கு எடுப்பதையோ, வலுவாக முறுக்குவதையோ அனுமதிக்காதீர்கள். நல்ல ஆசான்கள் இதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

தோவாளையிலிருந்து ஒரு வாசகி:

பூக்கட்டும் வேலை. நாள் முழுதும் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பதால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. வயது 63. மருந்துக்கடையில் மூன்று மாத்திரை கொண்ட ஒரு செட் வாங்கிப் போட்டால் வேலை ஓடுகிறது. இரண்டு ஆண்டுகளாக அதுதான். முகம் சற்று உப்பியிருப்பதாக மகள் சொல்கிறாள்.

பதில்: அந்த மாத்திரைகளின் பெயரை எழுதிக்கொண்டு, அல்லது மீதியுள்ளவற்றையே எடுத்துக்கொண்டு, இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். முகம் உப்புவதைப் பார்த்தால் அவற்றில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கலாம். அது வலியை மறைக்கும். கூடவே தொடைத் தசையைக் கரைக்கும், எலும்பை மெலியச் செய்யும், சர்க்கரையைக் கூட்டும். நீங்கள் எதற்காக மருந்து வாங்கினீர்களோ அதையே மருந்து வளர்த்துக்கொண்டிருக்கும். முக்கியமான எச்சரிக்கை: இரண்டு ஆண்டு சாப்பிட்டதை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், உடம்பு தானே சுரக்க வேண்டியதை மறந்திருக்கும், மயங்கி விழக்கூடும். மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மற்ற வலிமாத்திரைகள் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பாதிக்கும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு இன்னும் அதிகமாக. சிறுநீரகப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வேலையிடத்தில் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நின்று நான்கு அடி நடக்க வேண்டும். பூக்கூடையை உயரமான பலகையில் வைத்து, முடிந்த நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து கட்டுங்கள்.

துபாயிலிருந்து, கருங்கலைச் சேர்ந்த வாசகர் ஒருவர்:

ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்குப் புரதப் பவுடர், வைட்டமின் டி, மசாஜ் நாற்காலி அனுப்ப எண்ணுகிறேன். எது நல்லது?

பதில்: நாற்காலி அனுப்புவதானால் கைப்பிடியில்லாத மரநாற்காலியாக அனுப்புங்கள்; அதில் எழுந்து உட்காரட்டும். உண்ண முடியாதவருக்கும் நோயிலிருந்து மீள்பவருக்கும் பவுடர் உதவும்; மற்றவர்களுக்கு முட்டையும் பயறும் போதும். வைட்டமின் டி குறைவு பரிசோதனையில் தெரிந்தால் மட்டும், மருத்துவர் சொன்ன காலத்துக்கு மட்டும் கொடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை எடுக்கச் சொன்ன 60,000 அலகுப் பொட்டலத்தை ஆண்டுக்கணக்கில் தொடர்கிறவர்களைப் பார்க்கிறேன்; அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். மூத்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் அலகை ஒரேயடியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-ல் வெளியானது. அதில் விழுவதும் எலும்பு முறிவும் கூடவே செய்தன. உங்கள் பணத்தில் ஒரு பகுதியைக் குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தச் செலவிடுங்கள். வாரத்தில் மூன்று நாள் வீடியோ அழைப்பில் பேசும்போது, நீங்களும் எழுந்து உட்கார்ந்து, அவர்களையும் எண்ணச் சொல்லுங்கள்.

தக்கலையிலிருந்து ஒரு வாசகி:

என் பாட்டிக்கு 84 வயது. மூன்று மாதம் முன்பு காய்ச்சலில் பன்னிரண்டு நாள் படுத்தார். காய்ச்சல் போய்விட்டது, நடை திரும்பவில்லை. கட்டிலிலிருந்து எழும்போது இடுப்பு வலிக்கிறது என்று படுத்துவிடுகிறார். இந்த வயதில் பயிற்சி என்று சொன்னால் உறவினர்கள் என்னைத் திட்டுகிறார்கள்.

பதில்: உறவினர்களுக்குப் படித்துக் காட்ட ஒரு செய்தி தருகிறேன். 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதான சிலருக்கு எட்டு வாரம் எடைதூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கனமான எடை, வெறும் கையசைப்பு இல்லை. கால்களின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது; நேர்கோட்டில் அடிமேல் அடிவைத்து நடக்கும் வேகமும் ஏறத்தாழ அரைமடங்கு உயர்ந்தது. உழைக்கச் சொல்லி நாம் கேட்பதற்காக வயதான தசை காத்திருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை.

முதலில் ஒரு மருத்துவர் பாட்டியைப் பார்த்து, முதுகெலும்புக் கணு நசுங்கவில்லை, இரத்தசோகை இல்லை, இதயம் ஒத்துழைக்கும் என்பவற்றை உறுதி செய்யட்டும். பிறகு முதல் வாரம் இவ்வளவுதான்: பகலில் படுக்கை வேண்டாம், உணவு மூன்று வேளையும் நாற்காலியில் உட்கார்ந்துதான். ஒவ்வொரு உணவுக்கும் முன் இரண்டு தலையணை வைத்து உயர்த்திய நாற்காலியிலிருந்து, நீங்கள் முன்னால் நின்று கைகொடுக்க, மூன்று முறை எழுந்து நிற்கட்டும். கட்டிலிலிருந்து எழும்போது நேராக நிமிர வேண்டாம்; ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்தால் இடுப்பு பிடிக்காது. எழுந்தவுடன் தலைசுற்றினால் சற்று உட்கார்ந்துவிட்டு நிற்கட்டும். இரண்டாம் வாரம் ஐந்து முறை. ஒரு தலையணையைக் குறைத்துவிடுங்கள். பாட்டி அலுத்துக்கொண்டால் கழிப்பறைக்குத் தானே போய்வருவதுதான் இதன் பலன் என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் முதியவர்களில் பெரும்பாலானோர் அந்த ஒன்றுக்காகத்தான் இணங்குகிறார்கள். மூன்றாம் வாரம் மீதித் தலையணையையும் எடுத்துவிட்டு, உங்கள் கையைப் பிடிக்காமல் எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.